பாஸ்கருக்கு டோக்கன் நூற்றுப் பன்னிரண்டு

காலை பதினொன்று இருபத்தாறுக்கு, தியாகராய நகரில் ஒரு ஆறு மாடி ஜவுளிக்கடையின் வாசலில், ஒரு நாய்க்கு டோக்கன் கொடுத்தார்கள். நேரம் சரியாக நினைவிருக்கிறது. டோக்கன் கவுண்டருக்கு மேலே பெரிய கடிகாரம் ஒன்று தொங்கியது. அன்று விடிந்ததிலிருந்தே நான் கண்ணில் பட்ட கடிகாரத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் இரண்டு மணிக்குள் என் மகளின் அசல் சான்றிதழ்களோடு அடையாறில் ஒரு கல்லூரியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். சான்றிதழ்கள் என் கையில் ஒரு துணிப்பைக்குள் இருந்தன. பைக்கு நூற்றுப் பதிமூன்று. நாய்க்கு நூற்றுப் பன்னிரண்டு.

நாய் என்னுடையது இல்லை. மேடத்துடையது.

மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் மேடம் இருந்தார். அவருக்குப் பெயர் உண்டு, கதவிலும் எழுதியிருந்தது. ஆனால் அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை. சின்ன உருவம். வெளுத்த பருத்திப் புடவை. தோளில் ஒரு கறுப்புக் கைப்பை. அந்தப் பைக்குள் எப்போதும் நான்காக மடித்த வெள்ளைத் தாள்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’, ‘பொருள்’ என்று முன்கூட்டியே அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருப்பார். மற்றவர்கள் குடை எடுத்துப் போவதுபோல அவர் அந்தத் தாள்களை எடுத்துப் போவார்.

பாஸ்கர் நாட்டு நாய். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் பழுப்பு. தெருவில் குட்டியாகக் கிடந்ததைத் தூக்கி வந்து, மாநகராட்சியில் உரிமம் வாங்கி, ஊசி போட்டு, பெயர் வைத்தார். "நாய்க்கு எதுக்கு மேடம் மனுஷப் பேரு?" என்று ஒருநாள் கேட்டேன். "என் ஆபீஸ்ல ஒரு பாஸ்கர் இருந்தான். சொன்ன வேலையை ஒரு நாளும் செய்யலை. இவன் செய்யறான்," என்றார்.

முதலில் அவர் நாயை வீட்டில் விட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவார். தனியாக இருந்தால் பாஸ்கர் குரைப்பான். இரண்டாவது மாடிக்காரர்கள் புகார் சொன்னார்கள். அப்போது குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான்தான். பேசித் தீர்த்திருக்கலாம். எனக்கு நேரில் பேச பயம். அதனால் ‘தங்கள் நாய் தனிமையில் விடப்படும்போது இடையூறு ஏற்படுகிறது’ என்று கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, அவருடைய கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடிவந்தேன்.

மறுநாள் மேடம் பாஸ்கரோடு மாடிப்படியில் இறங்கி வந்தார்.

"எங்க மேடம், ரெண்டு பேரும்?"

"மளிகைக் கடைக்கு. தனியா விட்டா இடைஞ்சல்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அதனால தனியா விடலை."

தென்சென்னைக் கடைகளுக்குள் அந்த நாய் நுழைய ஆரம்பித்ததற்கு மூல காரணம் என் கடிதம். இதை என் மனைவியைத் தவிர வேறு யாரிடமும் அந்த டோக்கன் நாள்வரை நான் சொன்னதில்லை.

மேடம் எந்தக் கடையிலும் சண்டை போட்டதில்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. வாசலில் யாராவது "நாயெல்லாம் உள்ள விடமாட்டோம்மா" என்றால், தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். பிறகு சொல்வார்: "சரிப்பா. முடியாதுன்னு எழுதிக் குடுங்க."

இந்த ஊரில் ஒருவர் முடியாது என்று ஆயிரம் தடவை சொல்வார். ஒரு தடவைகூட எழுதித் தரமாட்டார். வாசல்காரர் சூப்பர்வைசரைக் கேட்கப் போவார். சூப்பர்வைசர் மேனேஜரைக் கேட்கப் போவார். மேனேஜர் எப்போதும் மேல் மாடியில் இருப்பார், அல்லது சாப்பிடப் போயிருப்பார். "கேட்டுட்டு வாங்க, அவசரமில்லை," என்று மேடம் அவர்களை அனுப்பிவிட்டு உள்ளே போய், உளுந்து, பெருங்காயம், சோப்பு எல்லாம் வாங்கி முடித்து வெளியே வரும்போது, மேனேஜர் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருப்பார். அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு வந்துவிடுவார்.

அடையாறில் ஒரு மருந்துக்கடைக்காரர் மட்டும் ஒருமுறை ரோஷப்பட்டு, "எழுதித் தர்றேன், அதுக்கென்ன," என்று பேனாவைத் தேடினார். மேடம் தன் பேனாவை மூடி கழற்றி நீட்டினார். தாள் தேடினார். மேடம் நான்காக மடித்த தாளை விரித்துக் கவுண்டரில் வைத்தார். ‘அனுப்புநர்’ என்பதற்கு நேராகத் தன் பெயரை எழுதவேண்டும் என்று பார்த்ததும் அந்த மனிதருடைய கை நின்றுவிட்டது. "உங்களுக்கு என்ன மாத்திரைம்மா வேணும்?" என்றார்.

பாஸ்கருக்கும் ஒரு குணம் உண்டு. அவன் வரிசையில் நிற்பான். மேடம் அதை மட்டும்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தார். கை கொடுக்கத் தெரியாது, பந்து எடுத்துவரத் தெரியாது. நாலு பேர் ஒருவர் பின்னால் ஒருவர் நின்றால் போதும், கடைசி ஆளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவான். முன்னால் ஒருவர் நகர்ந்தால் இவனும் ஒரு அடி நகர்ந்து உட்காருவான். மயிலாப்பூரில் நாங்கள் காப்பிப்பொடி வாங்கும் கடையில், சனிக்கிழமை கூட்டத்தில் ஒருவர் பக்கவாட்டில் நுழைந்தார். பாஸ்கர் குரைக்கவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அவ்வளவுதான். அந்த ஆள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார், சட்டைப் பையைத் தடவினார், பிறகு கடைசிக்குப் போய் நின்றார். அதற்கப்புறம் அந்தக் கடையில், "இவனுக்கு அடுத்தது நான், பூ வாங்கிட்டு வந்துடறேன்," என்று இடம் பிடித்துவிட்டுப் போகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு சொல்வதால் நான் அவர் கட்சி என்று நினைக்கவேண்டாம். கடைக்குள் நாய் வரக்கூடாது என்பது என் கருத்து. இப்போதும் அதுதான். எல்லா நாயும் பாஸ்கர் இல்லை. பாஸ்கரே ஒருநாள் பாஸ்கராக இல்லாமல் போகலாம். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் முடி உதிரும். பளிங்குத் தரையில் நாய்க்கும் கால் வழுக்கும், பாவம். இதையெல்லாம் மனதுக்குள் வரிசையாக வைத்திருந்தேன். மேடத்தின் முன்னால் நின்றால் ஒன்றும் வெளியே வராது. எனக்கு எந்த அலுவலக ஜன்னலுக்கு முன்னால் நின்றாலும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மேடம் ஒரு நடமாடும் ஜன்னல்.

ஆனால் ஒன்று பார்த்தேன். லஸ் பக்கம் ஒரு சின்ன சூப்பர் மார்க்கெட். மேடம் கூடையில் பாதி சாமான் எடுத்திருந்தார். நாலு வயதுக் குழந்தை ஒன்று பாஸ்கரைக் கண்டு அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கியது. சத்தம்கூடப் போடவில்லை. மேடம் கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டு, பாஸ்கரோடு வெளியே போய், வெயிலில் நின்றார். நான் பின்னாலேயே போனேன்.

"யாரும் ஒண்ணும் சொல்லலையே மேடம்?"

"அந்தக் குழந்தை எழுதிக் குடுக்க வேண்டியதில்லை," என்றார். "உள்ள போய் எனக்குத் தயிர் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க தம்பி."

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

என் மனைவி பள்ளி ஆசிரியை. அன்று அவளுக்குத் தேர்வுப் பணி. மகள் தோழி வீட்டிலிருந்து நேராகக் கல்லூரிக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. நான் தனியாக அசல் சான்றிதழ்களோடு போகவேண்டும். மூன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. மேடம் மாடிப்படியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் கூட வரேன். ஆபீஸ்னா எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியும்," என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போற வழியில தியாகராய நகர்ல பத்து நிமிஷம். ஒரு துண்டு மாத்தணும். சாயம் போகுது. பதினொண்ணுலேருந்து ஒரு மணி வரைக்கும்தான் மாத்துவாங்க, இன்னிக்குக் கடைசி நாள்," என்றார். பாஸ்கர் ஏற்கனவே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தான்.

அந்தக் கடையில் பெண்களின் கைப்பை தவிர மற்றப் பைகளை டோக்கன் கவுண்டரில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கவுண்டரில் தென்மாவட்டத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். முப்பது வயது இருக்கும்.

"எக்கா, இது நாயில்லா. உள்ள விடமாட்டாவ," என்றாள்.

"உள்ள கொண்டு போகலைம்மா. உங்ககிட்ட குடுக்கறேன். போர்டுல என்ன போட்டிருக்கு, படிங்க."

"உடைமைகளை இங்கே ஒப்படைத்து டோக்கன் பெற்றுக்கொள்ளவும்."

"இவன் பாஸ்கர், என் உடைமை. இதோ உரிமம்." மாநகராட்சித் தாளை எடுத்து வைத்தார். "வாங்க முடியாதுன்னா எழுதிக் குடுங்க."

"நான் எதையாவது எழுதிப் போட்டா வேலை போயிரும்க்கா. மேனேஜர்ட்டதான் கேக்கணும். அவுக மேல நிக்காவ." போனை எடுத்து யாரையோ கேட்டாள். அந்தப் பக்கம் யாரும் பொறுப்பேற்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. பாஸ்கரைப் பார்த்தாள். பாஸ்கர் அவளைப் பார்த்து உட்கார்ந்தான்.

"கடிக்காதுல்லா?"

"வரிசையில நிப்பான். வேற ஒண்ணும் தெரியாது."

அப்படித்தான் அவன் கழுத்துப் பட்டையில் நூற்றுப் பன்னிரண்டு ஏறியது. சங்கிலியை அலமாரிக் காலில் மாட்டினார்கள். என் பையை நான் கொடுக்கமாட்டேன் என்றேன். உள்ளே சான்றிதழ் இருக்கிறது, கோப்பு மட்டுமாவது எடுத்துக்கொள்கிறேன் என்றேன். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "போர்டுல போட்டிருக்கே தம்பி. விதின்னா எல்லாருக்கும்தான்." அதோடு நிற்கவில்லை. தன் கைப்பையிலிருந்து பாஸ்கருக்கு வாங்கி வைத்திருந்த பொறை ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து, "இதையும் உங்க பையில போட்டுக்கங்க, உள்ள தின்பண்டம் கூடாதாம்," என்று என் மகளின் மதிப்பெண் பட்டியலுக்குப் பக்கத்தில் செருகினார்.

நான்காவது மாடியில் துண்டு மாறியது. கீழே வந்தபோது பன்னிரண்டு ஐந்து. அலமாரிக் காலில் கொக்கி கழன்ற சங்கிலி மட்டும் கிடந்தது. அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"எக்கா, ஒரு நிமிசம்தான் திரும்புனேன். பாஸ்கரக் காணும்."

"சரி. பை?" என்றேன்.

"பையத் தூக்கிட்டுத்தான் போயிருக்கான் அண்ணாச்சி."

நான் தரையில் உட்கார்ந்தேன். மயக்கம் என்று யாரோ சோடா கொண்டுவந்தார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, சாதிச் சான்றிதழ், எல்லாம் அசல். நகல்கள் ஐந்து செட் எடுத்து வைத்திருந்தேன். ஐந்தும் வீட்டில் பத்திரமாக இருந்தன.

ஒலிபெருக்கிப் பெண்ணிடம் போனோம். காணாமல் போன குழந்தைகளை அறிவித்தே பழகியவள். "பேரு? என்ன வயசு? என்ன கலர் டிரஸ்?" என்று வரிசையாகக் கேட்டாள். மேடம் எல்லாவற்றுக்கும் உண்மையான பதில் சொன்னார். ‘நான்கு வயதுள்ள பாஸ்கர் என்பவர், வெள்ளை உடம்பு, ஒரு காது பழுப்பு நிறம், கையில் துணிப்பையுடன் எங்கிருந்தாலும் தரைத்தள டோக்கன் கவுண்டருக்கு வரவும்’ என்று ஆறு மாடிக்கும் கேட்டது. ஐந்து நிமிடத்தில் பிளாஸ்டிக் வாளியோடு ஒரு பெரியவர் வந்தார். "நான்தான் பாஸ்கர். எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றார். தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மேடம் மட்டும் பதறவில்லை. "இந்தக் கடையில பெரிய வரிசை எது?" என்று கேட்டார்.

முதல் மாடியில், பில் போட்ட துணிகளை வாங்கிக்கொள்ளும் டெலிவரி கவுண்டர். இருபது பேருக்கு மேல் நின்றார்கள். பாஸ்கர் கிட்டத்தட்ட முன்னால் போய்விட்டிருந்தான். பையின் காதை வாயில் கவ்வியபடி, ஒருவர் நகர நகர அவனும் ஒரு அடி நகர்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தான். பொறை வாசனைக்காகப் பையைத் தூக்கியவன், வரிசையைப் பார்த்ததும் பொறையை மறந்திருக்க வேண்டும். பின்னால் நின்ற அம்மாளிடம் "இது..." என்று ஆரம்பித்தேன். "அவன் எனக்கு முன்னாடியே வந்துட்டான் சார். நீங்க பின்னால போங்க," என்றார்.

நாங்கள் கூட்டத்தை விலக்கி நெருங்கும்போது பாஸ்கரின் முறை வந்தது. அந்த இடத்தில் முத்திரை குத்துகிறவர் தலையை நிமிர்த்துவதே இல்லை. நீட்டியதை வாங்குவார், மேலே இருக்கிற தாளை இழுப்பார், குத்துவார், திருப்பிக் கொடுப்பார். எத்தனை வருடப் பழக்கமோ. பாஸ்கர் முன்னங்கால்களைக் கவுண்டரில் வைத்தான். அவர் பையை வாங்கினார். கோப்பிலிருந்து மேல் தாளை இழுத்தார்.

"சார்," என்று கத்தினேன்.

டொப்.

"அடுத்து," என்று பையைப் பாஸ்கரின் வாயில் கொடுத்தார்.

என் மகளின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில், அவள் புகைப்படத்தின் நெற்றியில் தொடங்கி இயற்பியல் மதிப்பெண் வரைக்கும், ஊதா மையில் வட்டமாக ஒரு முத்திரை. ‘பொருள் ஒப்படைக்கப்பட்டது. திரும்பப் பெற இயலாது.’ இன்றும் எந்தக் கடையில் ரப்பர் முத்திரை விழுந்தாலும் எனக்குத் தோள் ஒருமுறை தூக்கிப் போடுகிறது.

வெளியே ஓடிவந்து ஆட்டோவை நிறுத்தினேன். "இன்னா சார், நாயும் வருதா? சீட்டு நாறிப் பூடும்," என்றார் ஓட்டுநர். மேடம் வாயைத் திறந்தார். "முடியாதுன்னா எழு..."

"மேடம், வேண்டாம்," என்றேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். ஓட்டுநர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "ஏறு நைனா," என்று பாஸ்கரிடம் சொன்னார். கோட்டூர்புரம் பாலம் தாண்டும்வரை மேடம் மாற்றிய துண்டை மடியில் வைத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

கல்லூரி வாசலில் மகள் காத்திருந்தாள். ஒன்றரை மணி. தாளை வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, என்னை வித்துட்டீங்களா?" என்றாள்.

சேர்க்கை ஜன்னலில் கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா, மென்மையாகப் பேசுகிறவர். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது அசலா?" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தலையை மட்டும் ஆட்டினேன். "அசல்ல வேற முத்திரை இருந்தா நாங்க ஏத்துக்கறதில்லை சார்."

மேடம் என்னை நகர்த்திவிட்டு முன்னால் வந்தார். முதுகு நிமிர்ந்தது. "ஏத்துக்க முடியாதுன்னா எழுதிக் குடுங்க."

"தாராளமா," என்றார் குமாஸ்தா. ஒரு தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார். எழுத ஆரம்பித்தார்.

அத்தனை கடைகளில் அத்தனை வருடமாக ஒருவர்கூடச் செய்யாததை அவர் செய்தார். முதல் வரியில் என் மகளின் பெயரை எழுதிவிட்டார். மேடத்தின் முகத்தில் பயத்தை நான் அன்றுதான் பார்த்தேன். எழுதிவிட்டால் முடிந்தது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

"சார், நிறுத்துங்க," என்றார். குரல் இறங்கியிருந்தது. "வேற வழி?"

"இந்த முத்திரை எப்படி வந்ததுன்னு நீங்க எழுதிக் குடுங்க. பிரின்சிபால் வந்து பார்த்து முடிவு பண்ணுவாங்க. ரெண்டு மணிக்கு ஜன்னலை மூடிருவேன்."

மேடம் கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். மர பெஞ்சில் உட்கார்ந்து மடியில் விரித்தார். ‘பொருள்’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"கடைக்காரங்க கவனக்குறைவுன்னு எழுதுங்க மேடம்," என்று அவசரப்படுத்தினேன். "டோக்கன்ல விட்டதை அவங்கதானே பார்த்துக்கணும்?"

"அந்தப் பொண்ணு வேலை போயிடும்," என்றார்.

ஒன்று நாற்பது. ஒன்று நாற்பத்து மூன்று. என் மகள் நகத்தைக் கடித்தாள். பாஸ்கர் ஜன்னல் வரிசையில் கடைசி மாணவனுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். மேடம் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். நிறுத்தாமல் எழுதினார். எழுதி முடித்து என்னிடம் நீட்டினார்.

‘பொருள்: நாயைக் கடைக்கு அழைத்துச் சென்றதால் நேர்ந்த பிழை, ஒப்புக்கொள்ளுதல் தொடர்பாக. மேற்படி நாயைக் கடைக்கு அழைத்துச் சென்றது முழுக்க என் பிடிவாதம். கடை ஊழியர் தடுத்தார், நான் கேட்கவில்லை. நாய் சான்றிதழ்ப் பையுடன் டெலிவரி வரிசையில் நின்றதால் கடை முத்திரை மதிப்பெண் பட்டியலில் விழுந்தது. இதில் மாணவியின் தவறோ கடையின் தவறோ எதுவும் இல்லை. இனி மேற்படி நாயை எந்தக் கடைக்கும் அழைத்துச் செல்லமாட்டேன் என உறுதி அளிக்கிறேன்.’

கையெழுத்து, தேதி, எல்லாம் இருந்தது. வாசகத்தில் ஒரு அடித்தல் இல்லை. நான் அவரிடம் பேனாவை வாங்கினேன். கீழே ‘சாட்சி’ என்று போட்டு, ‘மேற்படி நாயைத் தனியே விடக்கூடாது என்று முதலில் எழுதிக் கொடுத்தவன் நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடம் அதைப் படித்தார். "வாக்கியம் சரியா இருக்கு," என்றார்.

மேடம் இப்போது கோவையில் மகன் வீட்டில் இருக்கிறார். அங்கே கடைக்குப் போகும்போது பாஸ்கரைப் பேரன்களிடம் விட்டுவிட்டுப் போகிறாராம். போனில் சொன்னார். தனியாக விடவில்லை என்பதையும் அழுத்திச் சொன்னார்.

அன்று ஒன்று ஐம்பத்திரண்டுக்கு பிரின்சிபால் வந்தார். கையில் குடை, ஐம்பது வயதுக்கு மேல், வெயிலில் நடந்து வந்த களைப்பு. வரிசையின் கடைசியில் பாஸ்கர் உட்கார்ந்திருந்ததைக் கண்டு ஒரு கணம் நின்றார். அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். குமாஸ்தா இரண்டு தாள்களையும் கொடுத்தார். மதிப்பெண் பட்டியலில் ஊதா முத்திரையைப் படித்தார். மேடத்தின் கடிதத்தை ஒருமுறை படித்தார். என் சாட்சி வரியைப் படித்தார். ஜன்னல் வழியாக வரிசையை எட்டிப் பார்த்தார். முன்னால் ஒரு மாணவன் நகர, பாஸ்கரும் ஒரு அடி நகர்ந்து உட்கார்ந்தான்.

என் மகளைக் கூப்பிட்டு, நெற்றியையும் புகைப்படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"பொண்ணைச் சேர்த்துக்கறோம்மா," என்றார். "ஆனா இதுல கடைன்னு மட்டும்தான் இருக்கு. காலேஜுக்கும் கூட்டிட்டு வரமாட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."